வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது

வாசலில் உங்கள் ஆபீஸ் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் பேட்டரியைத் தட்டிக்கொண்டிருக்கிறார், மேடம். பேட்டரியில் ஒன்றுமில்லை. காலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும், செல்ஃப் மட்டும் சுற்றி என்ஜின் பிடிக்காமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரில் ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அசையவில்லை. சென்சார் இருக்கும் இடத்தைக் காட்டி, ஈரத்துணியை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்து அடித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. லாவண்யாவுக்கு உதிரப்போக்கு கண்ட அன்று என் அக்கா வீட்டுக் கார் ஓடும் நிலையில் இருந்ததா, இல்லையா? கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்துபோய், பெற்றவர்கள் மனுவும் கொடுத்துவிட்டால், கோட்டாட்சியர் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குப் புரிகிறது. வாசலில் காரை வைத்துக்கொண்டே வேண்டுமென்று ஏற்றாமல் என் மகளைச் சாகடித்துவிட்டார்கள் என்று லாவண்யாவின் அப்பா தங்கசாமி எழுதியிருக்கிறார். வண்டி ரிப்பேர் என்று நான் சொன்னால் என் அக்கா கமலவேணி தப்பிப்பாள். நன்றாக இருந்தது என்று சொன்னால் அவள் கொலைகாரி. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரியலூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சிமென்ட் தூசியில் ஓடுகிற வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்துவிட்டது. அக்காவைக் குன்னத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று வானம் பார்த்த பூமி. அவள் கணவர் கிருஷ்ணமூர்த்தி அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே பையன் முத்தமிழ்செல்வன். எனக்கு ஒரே பெண், சண்முகப்பிரியா. அக்கா மகனுக்கு என் மகள் முறைப்பெண். அவள் பிறந்த அன்றைக்கே அக்கா வந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என் மருமவ வந்துட்டாடா" என்றாள். நானாக எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முத்தமிழ்செல்வன் கல்லூரியில் தன்னோடு படித்த கீழப்பழுவூர்ப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றான். அக்கா அழுதாள், பிறகு சமாதானமாகிவிட்டாள். நானும் சமாதானமானேன். தாய்மாமன் செய்ய வேண்டிய முறை எதையும் குறைவைக்கவில்லை. சண்முகப்பிரியாகூட, "எனக்கு அந்த ஆசையெல்லாம் எப்பவுமே இருந்ததில்லப்பா, நீங்க ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். மனதில் உள்ள துக்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாதா?

மறுவீட்டுக்கு எல்லோரும் காரில் கீழப்பழுவூர் போனார்கள். வைகாசி வெயில். அரியலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலையோரத்து முனியப்பன் கோயிலுக்கு எதிரே கார் நின்றுவிட்டது. எனக்குப் போன் வந்தது. பைக்கில் நான் போய்ச் சேருவதற்குள் அக்கா தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, காரைச் சுற்றிக் காட்டியிருந்தாள். அதற்குள் என்ஜினும் ஆறியிருந்தது. முத்தமிழ்செல்வன் சாவியைத் திருப்பினான், கிளம்பிவிட்டது.

அந்தக் காரில் கிராங்க் சென்சார் இருப்பது என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில். கட்டை விரல் அளவுதான், ஒரே ஒரு போல்ட். உள்ளே சுற்றும் சக்கரத்தின் பற்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். என்ஜின் சுற்றுகிறது, இவ்வளவு வேகம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நாடி பிடித்துப் பார்க்கும் விரல் மாதிரி. விரல் மரத்துப்போனால், ஆள் நன்றாக இருந்தாலும் வைத்தியர் கையை விரித்துவிடுவார் அல்லவா, அப்படி கம்ப்யூட்டரும் டீசலை நிறுத்திவிடும். உள்ளே கம்பி விட்டுப்போயிருந்தால் சூட்டில் பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இதில் முனியப்பனுக்கு வேலையில்லை.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "டேய் தம்பி, இத்தன வருசமா நடுவழில நிக்காத வண்டிடா இது. அவ ஏறுன மொத நாளே நிக்குதே" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பயம். அந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. என் மகளை எடுத்திருக்கலாமே என்பது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நான் பொய் சொல்லவில்லை, மேடம். ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே புது சென்சார் வரவழைத்து மாட்டினேன். கணக்கு வழக்கு, சாமான் வரவழைப்பதெல்லாம் பட்டறையில் சண்முகப்பிரியாதான் பார்க்கிறாள். "பழசத் தூக்கிப் போட்டுரவாப்பா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்று வாங்கி, போல்ட் போட்டு வைக்கும் ஒரு மஞ்சள் டப்பாவில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்லது கெட்டதற்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்னால் கார் என் பட்டறைக்கு வர வேண்டும். நான் எண்ணெய், தண்ணீர் பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் என் கையால் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்ப வேண்டும். தாய்மாமன் கை பட்டால் வழியில் விக்கினம் வராது என்பது அவள் நம்பிக்கை. அடுத்த முறை கார் வந்தபோது, "யார் யாருக்கா போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். சமயபுரத்துக்கு, அவளும் கணவரும் மட்டும் என்றாள். எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினேன். நல்ல உச்சி வெயிலில் போய் வந்தார்கள். கார் எங்கும் நிற்கவில்லை.

அதற்கடுத்த முறை உறவில் ஒரு காதுகுத்து. யார் யார் என்று கேட்டேன். லாவண்யாவும் வருகிறாள் என்றாள் அக்கா. சின்ன வேலை அது. ஒயர் பின்னைக் கழற்றி, ஒரு போல்ட்டை எடுத்து, புதியதை உருவிப் பழையதைச் சொருக வேண்டும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எலுமிச்சம்பழம் வைத்தேன். திட்டக்குடி சாலையில் நின்றதாகப் போன் வந்தது. காரைப் பட்டறைக்குக் கொண்டு வந்ததும் பழையதை எடுத்து டப்பாவில் போட்டு, புதியதை மாட்டினேன். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோளாறையும் ஸ்கேனரால் அழித்துவிட்டேன். எந்த வேலை செய்தாலும் சுத்தமாகச் செய்வது என் சுபாவம்.

இப்படி எத்தனை தடவை என்று எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. நிறையத் தடவை தேவைப்படவும் இல்லை. பேனைப் பெருமாளாக்குவதற்கு நம் ஜனங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? நான் பேனைக் காட்டினேன். பெருமாளாக்கியது அவர்கள். லாவண்யாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கையில் வேப்பிலை கொடுத்து ஏற்றினார்கள். பிறகு ஒரு கல்யாணத்துக்கு அவளை மட்டும் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டுக் காரில் போனார்கள். கார் நிற்கவில்லை. அந்தக் கல்யாண மண்டபத்தில் பட்டுப் புடவையோடு வியர்த்துப்போய், கசங்கிய பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி அவள் நுழைந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்து, "சாப்ட்டீங்களா பெரியப்பா?" என்றாள்.

ஆமாம், பெரியப்பா. புருஷனுடைய தாய்மாமன் ஒரு பெண்ணுக்கு அப்பா முறைதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

முத்தமிழ்செல்வன் முதலில் எல்லாவற்றையும் கேலி செய்தான். "வண்டிக்கு எம் பொண்டாட்டிய கண்டா வெக்கம்" என்பான். பிறகு கேலி நின்றது. பிறகு, அம்மா சொல்கிறபடி நடந்துகொண்டால் வீட்டில் சண்டை இல்லாமல் இருக்குமே என்று லாவண்யாவிடம் சொல்ல ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. கண்ணெதிரே திரும்பத் திரும்ப நடப்பதை எவ்வளவு நாள்தான் ஒருவன் நம்பாமல் இருப்பான்?

லாவண்யா மட்டும் நம்பவில்லை. ஒருநாள் அவனை இழுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். அன்றைக்கு முன்தினம்தான் கார் அவளோடு நின்றிருந்தது. என்னிடம் போனை நீட்டி, "பெரியப்பா, இத கொஞ்சம் பாருங்களேன். கிராங்க் சென்சார்னு ஒண்ணு இருக்காம். சூடானா வேல செய்யாதாம், ஆறுனா சரியாயிடுமாம். நேத்து நின்னப்ப நானே பாத்தேன், அவரு செல்ஃப் அடிக்கையில அந்த முள்ளு அசையவே இல்ல. எம்மேல பழி போடுறாங்க பெரியப்பா. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. பத்து வருடம் ஸ்பேனர் பிடித்தவனே பேட்டரியைத் தட்டுகிறான். இந்தப் பெண் முள்ளைப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் கார் முந்தின நாள் மாலையே என்னிடம் வந்துவிட்டது, உள்ளே இருந்தது புதியது. நான் அவர்கள் கண்ணெதிரே போல்ட்டைக் கழற்றி, சென்சாரைத் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன். புத்தம் புதிதாகப் பளபளத்தது. மீட்டர் வைத்து அளந்து காட்டினேன். ஸ்கேனரைப் போட்டேன். கோளாறு ஒன்றுமில்லை என்று வந்தது. "பாத்துட்டேம்மா. இது புதுசு. இதுல ஒண்ணுமில்ல" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முத்தமிழ்செல்வன் தரையைப் பார்த்தபடி, "போதும் வா லாவண்யா, மாமா முன்னாடி ஏன் அசிங்கப்படுற" என்றான். அவள் அந்தச் சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டாளோ என்னவோ. அப்பா முறையில் இருப்பவனைச் சந்தேகப்படுவது தப்பு என்று நினைத்திருப்பாள். சென்சாரைப் பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். படித்த திமிர் அடங்கிவிட்டது என்றும் சொன்னாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் நான் மறைக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது ஒன்றுதான், மேடம். இவள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவாள், பெரியவர்கள் பேசி நாகரிகமாக விலக்கிவிடுவார்கள், அவளுக்கும் வேறு நல்ல இடம் கிடைக்கும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்றுதான் நினைத்தேன். சும்மா நின்றுபோகும் கார் யாரைக் கொல்லும்?

அவள் மாசமாகிவிட்டாள். செய்தி கேட்ட அன்றே டப்பாவை மூடி மேல் தட்டில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பழைய சென்சாரைத் தொடவே இல்லை. நானும் பிள்ளை பெற்றவன்தானே? ஆக, அதற்குப் பிறகு எல்லா மாதங்களும் கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் யாரும் அவளை அதில் ஏற்றவில்லை. செக்கப்புக்கு டவுன் பஸ்ஸில் வந்து போனாள். பூட்டைத் திறந்துவிட்டேன், திறந்திருக்கிறது என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இப்போது நிற்காது என்றால், முன்பு ஏன் நின்றது என்று கேட்பார்களே.

வளைகாப்பு இன்னும் நடக்கவில்லை. அன்று மத்தியானம், அடுப்படியில் இருந்தவளுக்கு உதிரம் போக ஆரம்பித்திருக்கிறது. முத்தமிழ்செல்வன் வேலைக்குப் போயிருந்தான். கிருஷ்ணமூர்த்தி வீட்டில் இருந்தார், அவருக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் வேப்ப மரத்தடியில் நின்றது. "அத்த, கார்லயே போயிடலாம்" என்று லாவண்யா சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். அது பெரம்பலூரிலிருந்து வர வேண்டும். அதன்மேல் குறையில்லை, தூரம் தூரம்தான். காட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு லோடு வண்டிக்கும் ஆள் அனுப்பினார்கள். எது முதலில் வருகிறதோ அதில் ஏற்றுவது என்று வாசலில் நின்றார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ்தான் வந்தது. டாக்டர்கள் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. லாவண்யாவின் உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். விடியும்போது போய்விட்டாள்.

ஆகவே பாருங்கள். அன்று காரில் இருந்தது புது சென்சார். நானே மாட்டியது. சாவியைத் திருப்பியிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றிருக்கும். ஏற்றாதது அவர்களுடைய மூடநம்பிக்கை. இத்தோடு என் வாக்குமூலத்தை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்களா? மடியில் மஞ்சள் டப்பா வைத்திருக்கிறாள். அவள்தான் சண்முகப்பிரியா.

நேற்று கருமாதி முடிந்ததும் அக்கா குழந்தையை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்து, "இத யாருடா வளக்கப்போறா? நம்ம பிரியாவ குடுத்துருடா" என்று அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு அடியில் எங்கோ ஒரு நிம்மதி வந்தது. நினைத்தது நடக்கப்போகிறது என்ற நிம்மதி. அதற்காக வெட்கப்படுகிறேன். வீட்டுக்கு வந்து மகளிடம் பக்குவமாகச் சொன்னேன். அவள், "அன்னைக்கு மத்தியானம் அத்த உங்களுக்குப் போன் பண்ணுனாங்கல்லப்பா? நான் பக்கத்துலதான பில்லு போட்டுட்டிருந்தேன்" என்றாள். பிறகு பட்டறைக்குப் போய் மேல் தட்டிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்தாள். இன்று விசாரணையில் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது அவளுக்குப் புரிய இன்னும் நாளாகும்.

ஆமாம், அக்கா போன் செய்தாள். அதை உங்களிடம் அக்கா சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தம்பியை எதற்கு இதில் இழுப்பது என்று விட்டிருப்பாள், என்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம். பின்னால் லாவண்யா முனகும் சத்தம் கேட்டது. "தம்பி, இவளுக்கு நெறைய போவுதுடா. கார வச்சுக்கிட்டு நிக்கிறோம். ஏத்தட்டுமா? வழில நின்னுட்டா ரெண்டு உசுருடா. நீ சொல்லு, நீ சொன்னா ஏத்துறேன்" என்றாள்.

நிற்காது, ஏற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிடா அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று அவள் கேட்டிருந்தால்? கார் லாவண்யாவோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், இத்தனை நாள் நடந்ததெல்லாம் என்ன என்று ஆகியிருக்குமே? இதையெல்லாம் யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. நிதானமாகத்தான் பதில் சொன்னேன். "எதுக்குக்கா வம்பு, வேற வண்டி பாரு" என்றேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜீப் கிளம்பிய சத்தம் கேட்கிறது, மேடம். ஈரத்துணி வேலை செய்துவிட்டது. ஆனால் இதை நம்பி வெகுதூரம் போக வேண்டாம் என்று டிரைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சூடானால் மறுபடியும் நிற்கும். தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டான் என்று நாளைக்கு என்மேல் ஒரு பழி வரக் கூடாது பாருங்கள்.